ஸ்டார்ட்டர்

சனிக்கிழமை எல்லோரும் போனபிறகு
சாவிக்கொத்தோடு நான் மட்டும் இருக்கவேண்டும் என்றது மெமோ.
இறங்கும் பழையது எத்தனை,
ஏறும் புதியது எத்தனை,
எண்ணிக் கையெழுத்துப் போட ஓர் ஆள்.
எங்கள் எழும்பூர்க் கிளையில்
எண்ணச் சொன்னால் எண்ணுகிறவள் நான்தான்.

புதுப்பேட்டையிலிருந்து ஏசுபாதம் வந்தார்,
ஏணியோடும்
ஏணியைப் பிடிக்க ஒரு பையனோடும்.
முதல் பட்டியைக் கழற்றியதும்
இருபது வருடத்துச் செத்த பூச்சிகள்
வீட்டுக்கடன் மனுக்களின் மேல் பொழிந்தன.
பல்லிமுட்டை ஓடு ஒன்று
மேனேஜரின் கண்ணாடி மேசையில் விழுந்து
உடையாமல் உருண்டது.
சோக்குகளைச் செங்கல் மாதிரி அடுக்கிய பையன்
குழல்களை மட்டும் இரண்டு கையால் வாங்கினான்.
"உள்ள பாதரசம் மேடம், ஒடஞ்சா வம்பு."
ரிஜிஸ்டரில் பாதரசத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

ஸ்டோர் ரூமில் ஒரே ஒரு குண்டு பல்பு.
அணைத்துக் கழற்றிய பிறகும்
சுட்ட தூசியின் வாசனையில்
அந்த அறை கொஞ்ச நேரம் மஞ்சளாகவே இருந்தது.

என் மேசைக்கு மேலிருந்தது
மூன்று மாதமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்த ஒன்று.
ஏசுபாதம் அதிலிருந்து
ஒரு சின்ன டப்பாவைத் திருகி எடுத்தார்.
"ட்யூப்பு நல்லாத்தான் இருக்கு மேடம்.
ஸ்டார்ட்டர்தான் போச்சு."

சம்பளப் பட்டியலில் நான் க. மீனலோசனி.
மற்ற எல்லா இடத்திலும் ட்யூப்லைட்.
திங்கட்கிழமை சொன்ன ஜோக்குக்குப்
புதன்கிழமை சிரிப்பேன்,
ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு.

தயாளனுக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தபோது
இதே விளக்கின் கீழ் நின்று சொன்னார்:
"பெரிய வீடு. கிணறு இருக்கு.
ரெண்டு பேருக்குத் தாராளமாப் போதும்."
நான் கேட்டேன்:
"இன்னொருத்தர் யாரு?"

பல்பு வாங்கிய முகம் எப்படியிருக்கும் என்று
அன்றுதான் பார்த்தேன்.
பார்த்தேன், அவ்வளவுதான்.
பதினோரு நாள் கழித்து
கோடம்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் நடுவே
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கையில்
இரண்டு முறை துடித்து
எனக்குள் எரிந்தது.
அதற்குள் அவர்
சேலத்தில் பால் கார்டு வாங்கியிருந்தார்,
ஒருவருக்கு அரை லிட்டர்.

ஏழு மணிக்கு மெயினைப் போட்டார் ஏசுபாதம்.
துடிப்பில்லை, முனகலில்லை.
சுவிட்சிலிருந்து என் விரல் வருவதற்குள்
கூடம் முழுக்க வெள்ளை.
ஒவ்வொரு மேசையிலும் காபி வட்டங்கள்,
சுவரில் பழைய காலண்டர்களின் ஆணித் துளைகள்,
என் கையில் எனக்கே தெரியாத ஒரு மச்சம்.
சுவிட்சுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே
ஒரு வினாடி இருந்ததே, அது எங்கே என்று
கேட்க நினைத்தேன்.
நினைப்பதற்குள் அவர்
"பில்லு பாதியாக் கொறையும்" என்றார்.

"நூற்றுப் பன்னிரண்டு.
சரியாக இருக்கிறது" என்றேன்.
ஏசுபாதம் பையனைப் பார்த்தார்.
கீழே வாட்ச்மேனோடு டீ குடித்துவிட்டு
அப்போதுதான் ஏறி வந்திருந்தான் பையன்.
"ஒரு ட்யூப்லைட் இன்னும் எறங்கல போலிருக்கே மேடம்?"

சாவியை எடுத்துக்கொண்டு போய்
ரெக்கார்ட் ரூம், பாத்ரூம், லிஃப்ட் பக்கம்,
எல்லாக் கூரைகளையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன்.
பையனுக்கு இருமல் வந்தது.
"இல்லையே" என்றேன்.
கையெழுத்துப் போட்டேன்.
வராந்தாக் குப்பையிலிருந்து அந்த டப்பாவை மட்டும்
ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.
அதுவும் பிறகு தெரியலாம்.

சைதாப்பேட்டை தாண்டி
ஆற்றுப் பாலத்தில் ரயிலின் சத்தம் மாறிய இடத்தில்
சிரித்துவிட்டேன்,
வாய்விட்டு.
எதிரே முருங்கைக்காய்க் கட்டோடு இருந்தவள்
கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அப்போது பதினோரு நாள்.
இப்போது ஐந்து ஸ்டேஷன்.
கிண்டியில் கூட்டம் ஏறியது.